தொன்னையில் வந்த முட்டை

அறுபதுகளில் நான் திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்கு விஞ்ஞான டீச்சர். தற்காலிக வேலைதான். இன்ஸ்பெக்டர் வந்து என் பாடத்தைப் பார்த்து 'திருப்தி' என்று எழுதினால்தான் நிரந்தரம். நடத்த வேண்டிய பாடம் மிதத்தல். முட்டை நல்ல தண்ணீரில் மூழ்கும், உப்புத் தண்ணீரில் மிதக்கும். உப்பு கரைந்த தண்ணீருக்குக் கனம் அதிகம், அதனால் முட்டையை இன்னும் பலமாக மேலே தள்ளும். புத்தகத்தில் படமே போட்டிருந்தது.

முட்டைக்கு நான் எங்கே போவது? எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில். மாமியாரை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். "வேலைக்குப் போறதுன்னா போ. ஆனா ஆசாரம் கெடப்படாது" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். நானும் பெரிதாகத் தலையாட்டியிருந்தேன்.

முட்டை இல்லாவிட்டால் என்ன என்று எலுமிச்சம்பழத்தை எடுத்தேன். இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் சமையலறையில் ஒத்திகை. நல்ல தண்ணீரில் போட்டால், சனியன், மூழ்க மாட்டேன் என்கிறது! கரண்டியால் அமுக்கினாலும் துள்ளிக்கொண்டு மேலே வருகிறது. தோலுக்குள் காற்று இருக்கிறதே, மிதக்காமல் என்ன செய்யும் என்று அப்போதுதான் உறைத்தது. வேலை போச்சு என்று அழுகையே வந்துவிட்டது.

"எதுக்குடி அந்தப் பழத்தைப் போட்டு இம்சை பண்ணறே?" என்றார் அம்மா.

சொன்னேன். முட்டை என்ற வார்த்தையை மட்டும் மெதுவாகச் சொன்னேன். அவர் விளக்கேற்றப் போய்விட்டார்.

மறுநாள் முதல் மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூட வாசலில் அம்மா, மடிசாரோடு. பஸ்ஸில் தனியாக வந்திருக்கிறார். உடம்பில் படாமல் நீட்டிப் பிடித்திருந்த வாழையிலைத் தொன்னையில் வெள்ளை வெளேரென்று ஒரு முட்டை.

"கடைக்கார பாய்தான் இதுல வச்சுக் கொடுத்தார். நான் தொடலை, தொன்னையைத்தான் தொட்டேன். பிடி, நான் போய்க் காவேரியில முழுக்குப் போடணும்."

அங்கேயே அவர் காலில் விழுந்திருப்பேன். கையில் முட்டை இருந்தது.

முட்டை மூழ்கிற்று. உப்பைப் போட்டுக் கலக்கக் கலக்க, மெல்ல எழும்பி மேலே வந்து நின்றது. பெண்கள் கைதட்டினார்கள். இன்ஸ்பெக்டர் 'திருப்தி' என்று எழுதிவிட்டுப் போனார்.

சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா கேட்டார்.

"மிதந்துதா?"

"மிதந்துதும்மா."

"அப்ப பெருமாள் கோச்சுக்கலை."

உருளைக்கிழங்கும் அதே மாதிரி நல்ல தண்ணீரில் மூழ்கும், உப்புத் தண்ணீரில் மிதக்கும் என்பது அடுத்த வருஷம்தான் என் மண்டையில் ஏறியது. அன்றைக்கு எங்கள் வீட்டுக் கூடையில் உருளைக்கிழங்கு நிறையவே இருந்தது. இதை மட்டும் அம்மாவிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.