திராட்சை நுழையும் ஓட்டை

ஜன்னலுக்குப் புதுக் கொசுவலை அடிக்க வந்தவர் பழைய வலையைப் பிரித்தபடியே, "எலி கடிச்சிருக்கு போலக்கா" என்றார்.

எலி இல்லை. எட்டு வயதில் நான் பென்சிலால் போட்ட ஓட்டை. தம்பிக்கு அம்மை போட்டிருந்ததால் என்னை அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் இங்கே வந்து வெளியே நின்று, பன்னீர் திராட்சையை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுவேன். வேப்பிலை வாடையோடு அவன் விரல் வந்து வாங்கிக்கொள்ளும்.

"அம்மை போட்ட வீட்ல கெளம்புறப்ப போயிட்டு வாரேன்னு சொல்லிராதடி, ஆத்தாளும் கூடவே வந்துருவா" என்று அம்மா மிரட்டியிருந்தாள்.

"நாளைக்கும் வருவியாக்கா?" என்று அவன் கேட்டான். நான் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினேன். மறுநாள் அவன் உயிரோடு இல்லை.

வலை அடித்தவர் வேலை முடிந்து, "போயிட்டு வாரேன்க்கா" என்றார். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.