குடிலின் நான்கு கால்கள்

கொல்லிமலை அடிவாரத்து ஏரியோரம் ஒரு மரக்குடிலில் இரண்டு நாள் தங்கினேன். முன்கால் இரண்டு தண்ணீரில், பின்கால் இரண்டு கரையில். சுற்றுவட்டாரத்தில் வேறு வீடில்லை, போனில் சிக்னலும் இல்லை. இருந்தது காவலாளி ஒருவர்தான். லாரி ஓட்டி ஓய்ந்தவர். தோளில் பச்சைத் துண்டு, கையில் இரும்புக் கம்பி.

விடிந்ததும், டயரில் காற்றுப் பார்ப்பதுபோல், அந்தக் கம்பியால் நான்கு கால்களையும் தட்டித் தலைசாய்த்துக் கேட்டார். எனக்குத் தூக்கம் போச்சு.

“ஏனுங்க, இது எங்க போகப்போகுதுன்னு தட்டறீங்க?”

“போயிரக் கூடாதுன்னுதானுங்க தட்டறேன்.” தண்ணீருக்குள் இறங்கி ஒரு முன்காலை மறுபடி தட்டினார். “இது மட்டும் கொஞ்சம் சத்தம் மாறுதுங்க. ஒண்ணும் ஆகாது, நீங்க படுங்க சாமி.”

அதற்கப்புறம் எங்கே படுப்பது? கட்டிலைக் கரைப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

நகரத்தில், ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில், நான் குடியிருப்பது மூன்றாம் மாடி. இப்போதெல்லாம் யாரும் பார்க்காத நேரத்தில் கீழ்த்தளத்துத் தூண்களை விரல்முட்டியால் தட்டிப் பார்க்கிறேன். நல்ல சத்தம் எப்படி இருக்கும் என்று அவரிடம் கேட்காமல் வந்துவிட்டேன்.