லைட்டரா, ரெஞ்சா

எங்கள் பிக்கப் வண்டியின் பின் சக்கரம் கழன்று ஓசூர் ரோட்டில் தனியாக உருண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன். ஜீவனஹள்ளி வீட்டு அடுப்படியில், கையில் பால் பாத்திரத்தோடு நின்றபடி.

வண்டி என் மனைவியுடையது. தொட்டிச் செடி விற்கிறாள், ஓட்டுவதும் அவள்தான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிப்பது என் வேலை. போன மாதம் பின்பக்கத்துக்கு அகலமான டயர் போட்டாள். பாரம் ஏற்றினால் அது உள்பக்கம் உரசியது. சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளி நிறுத்த ஸ்பேசர் வேண்டும்; அச்சு முனையில் இருக்கும் ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் உட்காரும் கனத்த அலுமினிய வளையம். "நானே மாட்டறேன்" என்றேன். அவள் சுவரைப் பார்த்தாள். அந்த வீட்டில் நான் மாட்டிய ஒரே பொருளான காலண்டர் அங்கே சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம், சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே வண்டியை நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக் போட்டு, முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுத்தேன். சக்கரத்தைக் கழற்றி, ஹப்பில் இருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். துரு மிச்சம் இருந்தால் வளையம் சமமாக உட்காராது, பின்னால் நட் தளர்ந்துவிடும். பிறகு ஸ்பேசரை வைத்து, ஆறு நட்டையும் கையால் முறுக்கிவிட்டு, டார்க் ரெஞ்சை எடுத்தேன். வைத்த அளவுக்கு நட் இறுகியதும் அது 'டிக்' என்று சொல்லும். அதோடு நிறுத்திவிட வேண்டும். எதிரெதிர் நட்டாக மாறி மாறி இறுக்கினேன். டிக். டிக். நான் செய்தது சரி என்று உடனுக்குடன் சொன்ன முதல் ஜீவன் அந்த ரெஞ்ச்தான். ஸ்பேசர்மேல் சக்கரத்தை ஏற்றி வெளி நட்டை முறுக்கியதும் அந்த உள் நட்டெல்லாம் மறைந்துவிட்டது. அடுத்த பக்கமும் அப்படியே.

மறுநாள் காலை அவள் ஹெப்பகோடியில் ஒரு அபார்ட்மென்டுக்குச் செடி ஏற்றிக்கொண்டு போனாள். நான் டீ போட அடுப்படிக்குப் போய், ஒரு கையில் பால் பாத்திரத்தோடு லைட்டரை அழுத்தினேன்.

டிக்.

அடுப்பு பற்றவில்லை. மறுபடி அழுத்தினேன். டிக். அதே சத்தம். நேற்று நான் நட் இறுக்கிய நேரத்தில் அவள் இதே ஜன்னலோரம் காபி போட்டுக்கொண்டிருந்தாள். அப்படியானால் நான் கேட்டது ரெஞ்சையா, லைட்டரையா? அப்போதுதான் என் கண்ணுக்குள் அந்தச் சக்கரம் கழன்று உருண்டது.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. ஓட்டும்போது போனை எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டவன் நான். இத்தனை வருஷத்தில் அவள் மதித்த ஒரே சட்டம்.

கட்டிய லுங்கியோடு ஸ்கூட்டரில் கிளம்பினேன். காலடியில் ரெஞ்ச். ஓசூர் ரோட்டில் இத்தனை பஞ்சர் கடை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு டயர் நின்றது. பொம்மனஹள்ளியில் ஒன்று எங்களுடையது மாதிரியே இருக்க, இறங்கி விசாரித்தேன். கடைக்காரர் விலை சொன்னார்.

அபார்ட்மென்ட் கேட்டுக்குள்ளே வண்டி நின்றது. நாலு சக்கரத்தையும் இரண்டு தடவை எண்ணினேன். கடைசித் தொட்டியை இறக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"என்னங்க, லுங்கியோட?"

"லைட்டர்" என்றேன். மூச்சு வாங்கி மீதியைச் சொன்னேன்.

"அந்த லைட்டரை மாத்துங்கன்னு எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன். நேத்தும் பத்தவே இல்ல. அடிச்சு அடிச்சுப் பாத்துட்டுத் தீப்பெட்டிதான் எடுத்தேன்."

"அடிச்சு அடிச்சுன்னா, எத்தனை தடவை?"

"அதை யாராவது எண்ணுவாங்களா?"

வண்டியிலேயே இருந்த ஜாக்கியை வெளியே இழுத்தேன். நான் ஜாக்கி போடுவதைப் பார்த்து வாட்ச்மேன் வந்து, என்ன ஆச்சென்று கன்னடத்தில் விசாரித்தார். "ஏனாயித்து, பங்க்சரா?"

"இல்லா அண்ணா, இவ்ரிகெ பயா" என்றாள் அவள். எனக்குப் பயம் என்பதை ஜலதோஷம் என்பது போலச் சொன்னாள்.

சக்கரத்தைக் கழற்றினேன். அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு டிக்குக்கும் "கேட்டுச்சா?" என்றாள். கேட்டது. ஐந்து நட் அசையவே இல்லை. ஆறாவது மட்டும் கடுகளவு திரும்பி, பிறகு டிக் என்றது. நான் அவளைப் பார்த்தேன்.

"புதுசா மாட்டினா கொஞ்சம் ஓட்டிட்டு மறுபடி இறுக்கணும்னு நேத்து நீங்கதானே லெக்சர் குடுத்தீங்க. அதுதான் இது. அடுத்ததைப் பாருங்க."

சொன்னது நான்தான். பயந்ததில் மறந்துவிட்டது. அந்தக் கடுகளவு வண்டி ஓடியதால் வந்ததா, லைட்டர் சத்தத்தை நம்பி நான் முன்னாலேயே நிறுத்தியதால் வந்ததா என்பது இன்றுவரை தெரியாது. இரண்டு பக்கமும் பார்த்து, சக்கரம் மாட்டி, தரையில் இறக்கி, வெளி நட்டையும் டிக் கேட்க இறுக்கினோம்.

ஸ்கூட்டரைப் பின்னால் ஏற்றிக் கட்டிவிட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். மெயின் ரோட்டில் திரும்ப அவள் இண்டிகேட்டர் போட்டாள். டிக், டிக், டிக். என் கை தானாக டேஷ்போர்டைப் பிடித்தது.

அவள் என்னைப் பார்த்தாள். இண்டிகேட்டரை அணைத்தாள். கண்ணாடியை இறக்கிக் கையை முழுசாக வெளியே நீட்டி, வீடு வரைக்கும் அப்படியே ஓட்டிக்கொண்டு வந்தாள்.