மஞ்சக்குப்பத்தில் ஒரு கார்ப்பெட்டும் இரண்டு பாட்டிலும்

சிதம்பரத்து நான்கு கோபுரங்களும் சாட்சியாக உறுதி கூறுகிறேன்: கீழே வரும் கதையை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை. என் மனைவியே நம்பவில்லை. அவள் என்னை நம்புவதை நிறுத்தி இருபது வருடம் ஆகிறது, அது வேறு வழக்கு.

போன சனிக்கிழமை கடலூர் மஞ்சக்குப்பத்தில், மாவட்டத்தின் மீத்திறன் மாணவர்களைத் தேர்ந்தெடுக்க ஒரு அறிவியல் கண்காட்சி நடந்தது. முதலிடம் பிடிக்கும் ஒரே ஒரு பிள்ளைக்குச் சென்னையில் பத்து நாள் பயிற்சி முகாம். என் அக்கா மகள் மதுமிதா, பரங்கிப்பேட்டையில் ஒன்பதாம் வகுப்பு, அந்த ஒரு இடத்துக்காக மாதக்கணக்கில் உயிரை விட்டுக்கொண்டிருந்தாள். கூட்டிப்போக வேண்டிய டீச்சருக்குக் கடைசி நேரத்தில் வேறு வேலை போட்டுவிட்டார்கள். ஆகவே பாரத தேசத்தின் விஞ்ஞான எதிர்காலம் மொத்தமாக என் தோளில் வந்து இறங்கியது.

அக்கா வீட்டு போர் தண்ணீர் உப்பாகிப்போய் வெகுநாள் ஆகிறது. அங்கே டீ குடித்தால் வங்காள விரிகுடாவையே சர்க்கரை போட்டு ஆற்றிக் கொடுத்த மாதிரி இருக்கும். மது அதற்கு ஒரு கருவி செய்தாள். ஒரு பேட்டரி, ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு, இரண்டு கம்பி. கம்பியைத் தண்ணீரில் விட்டால், நல்ல தண்ணீருக்கு மினுக்கென்று எரியும்; உப்பு ஏற ஏறப் பளிச்சென்று எரியும். மொத்தமும் ஒரு சோப்பு டப்பாவுக்குள் அடங்கிவிடும். செய்து காட்ட இரண்டு பாட்டிலில் தண்ணீர்: ஒன்றில் வீட்டு போர் தண்ணீர், இன்னொன்றில் குழாய்த் தண்ணீர்.

காலை 6.40க்குச் சிதம்பரம் பேருந்து நிலையத்தில் அரசுப் பேருந்து. கடலூர் சுமார் 45 கிலோமீட்டர், டிக்கெட் ஆளுக்கு நாற்பது ரூபாய். ஓட்டுநர் எடுத்த வேகத்தில் புதுச்சத்திரத்தில் எங்களைப் பார்த்து வெலவெலத்த ஒரு காக்கை இன்னும் தரையிறங்கவில்லை என்று கேள்வி. நடத்துநர் என் மடியிலிருந்த பாட்டில்களை ஒரு பார்வை பார்த்தார்.

“இன்னா சார், எல்லாரும் பாண்டியிலருந்து பாட்டில் எடுத்துக்கினு வருவாங்க. நீங்க அந்தப் பக்கம் எடுத்துக்கினு போறீங்க?”

“தண்ணிங்க.”

“எல்லாரும் அதான் சார் சொல்றாங்க.”

பேருந்தே சிரித்தது. மது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி, உதட்டை அசைத்து, நடுவர்களிடம் சொல்லவேண்டியதை ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

எட்டு மணிக்குக் கடலூர். நிலையத்துக்கு எதிரே இரண்டு இட்லி, ஒரு வடை நாற்பது ரூபாய், சாம்பார் பிரமாதம். மஞ்சக்குப்பத்துக்கு ஆட்டோக்காரர் எண்பது ரூபாய் கேட்டார், கொடுத்தேன். நடந்தே போயிருக்கலாம், ஆனால் விஞ்ஞான எதிர்காலம் நடந்து போகலாமா?

கண்காட்சி நடந்த மண்டபத்தின் வாசலில் ஆரம்பித்து மேடை வரை சிவப்புக் கார்ப்பெட். இன்னும் நாலு முழம் விரித்திருந்தால் நெல்லிக்குப்பம் வந்திருக்கும். சட்டையில் ரிப்பன் பூ குத்திய ஒரு பொறுப்பாசிரியர் கையை நீட்டித் தடுத்தார்.

“பாட்டில் உள்ள போவக்கூடாது சார். வாடகை கார்ப்பெட். சீஃப் கெஸ்ட் வர்றாரு, தண்ணி கிண்ணி சிந்திச்சுன்னா வம்பு.”

“சார், புள்ள செஞ்சிருக்கறதே தண்ணிய டெஸ்ட் பண்ற கருவிதான்.”

“அதெல்லாம் சரி சார். தண்ணி இல்லாம செஞ்சு காட்டச் சொல்லுங்க.”

என் காதில் விழுந்தது சரிதானா என்று இன்னொரு முறை கேட்டேன். சரிதான். இரண்டு பாட்டிலையும் வாங்கிச் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் வைத்தார். எனக்கு ரத்தம் கொதித்த கொதியில் ஒரு மூட்டை நெல்லை அவித்திருக்கலாம். நான் வாயைத் திறப்பதற்குள் மது என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். “மாமா, நீ கத்தனா என்னையும் வெளியில அனுப்பிடுவாங்க.”

பக்கத்து மேசையில் தெர்மாக்கோலில் ஒரு நகரம். மேம்பாலம், சுற்றும் காற்றாலை, கலர் கலராக விளக்கு. அடியில் கடை ஸ்டிக்கர் கூடக் கிழிக்கவில்லை. மாணவர் சும்மா நிற்க, அவருடைய அப்பா விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவர் அங்கே கால் மணி நேரம் நின்று தலையாட்டினார். பிறகு மதுவின் மேசைக்கு வந்தார்.

“எரியலையேம்மா?”

“தண்ணி இருந்தா எரியும் சார். வாசல்ல வாங்கி வச்சிட்டாங்க.”

“சார்ட்டு? தெர்மாக்கோல்? ஒண்ணுமே இல்ல?”

“சோப்பு டப்பா போதும் சார்.”

அவர் எதையோ குறித்துக்கொண்டு நகர்ந்தார். மதுவின் கண் கலங்கிவிட்டது. பொறுப்பாசிரியரிடம் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டேன். குடிக்கவா என்றார். இல்லை என்றேன். அப்படியென்றால் இல்லை என்றார்.

பதினொன்றரைக்குச் சிறப்பு விருந்தினர் வந்தார், ஒன்றரை மணி நேரம் தாமதமாக. இளைப்பாற அவர் கையில் ஒரு தம்ளர் மோர். அது சிந்தும் என்று யாருக்கும் கவலையில்லை! புகைப்படக்காரர் கையைக் காலியாக வைக்கச் சொன்னதும் அவர் தம்ளரை வைக்க இடம் தேடினார். மண்டபத்திலேயே காலியாக இருந்த மேசை மதுவுடையது. வைத்தார்.

மது ஒரு நொடி தம்ளரைப் பார்த்தாள். இரண்டு கம்பியையும் மோருக்குள் விட்டாள். பல்பு எரிந்தது பாருங்கள், மண்டபத்தில் பாதிப்பேர் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். கடலூர் துறைமுகத்தில் கப்பல்கள் திசை திரும்பின.

“ஐயோ, ஐயாவோட மோர்ல கம்பிய வுட்டுட்டா!” என்று பொறுப்பாசிரியர் ஓடிவந்தார்.

விருந்தினர் குனிந்து பார்த்தார். “என்னம்மா இது?”

“உப்பு ஜாஸ்தி இருந்தா பளிச்சுன்னு எரியும் சார். உங்க மோர்ல உப்பு ஜாஸ்தி.”

“அதான் நானும் நெனச்சேன்” என்றார் அவர். கூட்டம் கைதட்டியது. அந்த இடம் நமக்குத்தான் என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.

முதலிடம் தெர்மாக்கோல் நகரத்துக்கு. மதுவின் பெயரை எதற்கும் கூப்பிடவில்லை. நடுவரை மறித்துக் கேட்டேன்: “எரிஞ்சத உங்க கண்ணால பாத்தீங்களே சார்?”

“பாத்தேன். ஆனா மார்க் போட்டு முடிச்சதுக்கப்புறம் எரிஞ்சா நாங்க என்ன பண்றது?”

அப்போது நான் முழங்கிய முழக்கத்தில் மஞ்சக்குப்பம் மைதானத்து மரங்கள் இலை உதிர்த்தன. பலன் பூஜ்யம். திறமையுள்ள பிள்ளைகளைத் தேட மாவட்டம் முழுக்க வலைவீசுகிறார்கள். பிள்ளை வந்து நின்றால் கார்ப்பெட்டைப் பார்க்கிறார்கள். சென்னை போகும் அந்த மாணவர் அங்கே என்ன செய்வார்? ஸ்டிக்கரைக் கிழிப்பாரா?

வாசலில் மது தன் பாட்டில்களை எடுத்துக்கொண்டிருந்தபோது பொறுப்பாசிரியர் பின்னாலேயே வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“பாப்பா, எங்க வூட்டு போர் தண்ணியும் ஒரு மாதிரியா இருக்குது. கொண்டாந்தா பாத்துச் சொல்லுவியா?”

நான் பல்லைக் கடித்தேன். மது நிமிர்ந்து பார்த்தாள். “கொண்டாங்க சார். தண்ணி இல்லாம பாக்க எனக்குத் தெரியாது.”

அவர் முகம் கார்ப்பெட் நிறத்துக்கு வந்தது. அந்த நாளில் எங்களுக்குக் கிடைத்த ஒரே பரிசு அதுதான்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு: 6.40 பேருந்தைப் பிடியுங்கள், அடுத்தது கூட்டம். திரும்ப இரண்டு மணிக்கு மேல் உட்கார இடம் கிடைக்கும். விதிமுறைகளை முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள், யார் சொன்னார் என்று பெயரையும் கேளுங்கள். கண்காட்சியில் எதை வேண்டுமானாலும் வையுங்கள், பெரியதாக வையுங்கள்.

காக்கை, கப்பல், மரங்கள், என் முழக்கம் எல்லாவற்றுக்கும் உங்கள் இஷ்டம்போல் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். மோரில்கூடக் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு சின்ன இடம் மட்டும் அப்படியே உண்மை, ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை: “தண்ணி இல்லாம செஞ்சு காட்டச் சொல்லுங்க.”