விளமீன் விழுந்த கூறு

மணப்பாட்டில் என் சித்தப்பாவின் படகில் ஐந்து பேர் கூட்டு. விற்கிற மீன் ஏலத்துக்குப் போனபின், வீட்டுக் குழம்புக்கென்று ஒதுக்கிய மீனைக் கரையிலேயே ஐந்து கூறாக வைப்பார்கள். கூறு வைப்பது சித்தப்பா. எந்தக் கூறு யாருக்கு என்று முடிவு செய்வது, கோடை விடுமுறைக்குத் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த நான்.

அந்தப் பதவியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் கடலைப் பார்த்துத் திரும்பி நிற்பேன். ஆளுக்கொரு அடையாளத்தைத் தேங்காய்ச் சிரட்டையில் போடுவார்கள்: தீக்குச்சி, சோழி, சட்டைப் பொத்தான், சோடா மூடி, ஓலைத் துண்டு. எது யாருடையது என்பது தினமும் மாறும். பிறகு நான் திரும்பி, கூறுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே போவேன். தனக்கு எது விழும் என்று தெரியாததால் சித்தப்பா ஐந்தையும் சமமாகவே வைத்தாக வேண்டும். இதற்குப் பின்னால் நிகழ்தகவு என்றொரு கணக்கு இருப்பது கல்லூரியில்தான் புரிந்தது. இன்று, துறைமுகத்தில் எந்தக் கன்டெய்னரைத் திறந்து சோதிப்பது என்று குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுக்கும் மென்பொருளை எழுதுகிறேன். அதுவும் ஏறக்குறைய அந்தச் சிரட்டைதான்.

ஒரே சிக்கல், பெரிய மீன். அதைக் கரையில் வெட்டும் வழக்கம் கிடையாது. ஒரு கூறில் அதை வைத்து, மற்றவற்றில் பொடிமீனைக் கூட்டி ஈடுகட்டுவார்கள். எடை சரியாக இருக்கும். கண்கள் மட்டும் பெரிய மீன் மேல் இருக்கும்.

அது சித்தப்பாவுக்கு விழவே இல்லை. நாள் தவறாமல் பொடிச் சாளைதான்.

“ஏலே, ஒன் வீட்டுப் பிள்ளையே ஒனக்கு எதிரியாயிட்டாளே,” என்று கூட்டாளி ஒருவர் சீண்டுவார்.

“அவள வேணும்னா கூட்டிட்டுப் போ, மீனக் குடு,” என்பார் சித்தப்பா.

வீட்டில் சித்தி பையைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். “இன்னைக்கும் சாளையா? நல்ல கைராசிளா ஒனக்கு.”

எனக்கு வெறியே பிடித்துவிட்டது. ஒரே ஒருமுறை பெரிய மீன் சித்தப்பாவுக்கு விழ வேண்டும். கள்ளத்தனம் செய்ய வழியில்லை, தோன்றவும் இல்லை. வேண்டிக்கொண்டு வைப்பது மட்டும்தான் என்னால் முடிந்தது.

லீவு முடியப்போகிற சமயத்தில் ஒரு விளமீன் வந்தது. என் கை நீளம். செவுள் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. சோடா மூடியை அதன் மேல் வைத்தேன்.

“மூடி யாருதுலே?”

சித்தப்பா மெதுவாகக் கையைத் தூக்கினார்.

நான் கத்திக்கொண்டு மணலில் சுற்றிச் சுற்றி ஓடினேன். திரும்பி வந்தபோது, தினமும் சீண்டுகிற அந்தக் கூட்டாளி சொல்லிக்கொண்டிருந்தார்: “கூறு வைக்கிறது அவன், அடையாளம் வைக்கிறது அவன் வீட்டுப் பிள்ளை. நல்ல மீனு வரட்டும்னு காத்துக் கெடந்திருக்காவ.” எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. இப்படியொரு கேலியில் தொடங்கித்தான் பக்கத்துப் படகின் கூட்டு உடைந்தது என்பதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

அன்று சித்தி நடுத்துண்டை எனக்கே வைத்தார்.

மறுநாள் வழக்கம்போலக் கடலைப் பார்த்து நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. திரும்பினால், ஐஸ் கொண்டுவந்த லாரி டிரைவர், அங்கே யாரையும் அறியாதவர், சிரட்டையோடு குனிந்திருந்தார்.

“நான் தப்பா வச்சிட்டேனா சித்தப்பா?”

“இல்லளா, சரியாத்தான் வச்ச. இனி நீ திரும்பி நிக்க வேண்டாம். இங்கன வந்து பாரு.”

சாளை விழுந்த நாட்களில் என் கையை யாரும் நம்பத் தேவையிருக்கவில்லை. நம்ப வேண்டிய நாள் வந்தபோது, நேர்மையான கையும் கள்ளக் கையும் ஒன்றுபோலவே தெரிந்தன. அப்போது எனக்கு அது புரியவில்லை. ஒரு விளமீனோடு என் ராசி தீர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

டிரைவர் கையிலும் சித்தப்பாவுக்குச் சாளைதான் விழுந்தது. அதற்கு அவர் ஏன் அவ்வளவு நிம்மதியாகச் சிரித்தார் என்று யோசித்தபடி, பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.