வெளியே பூட்டிய ஞாயிற்றுக்கிழமை

சேலத்தில் நாங்கள் பதினோரு மாதம் குடியிருந்தோம். நாங்கள் என்றால் நான், என் வீட்டுக்காரர், அப்போது கைக்குழந்தையாக இருந்த மகள். பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் பெரிய குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். வீட்டுக்காரருக்கு நாமக்கல்லில் ஒரு கோழித்தீவனக் கம்பெனியில் வேலை. சேலத்தில் புதுக் குடோன் திறக்கிறோம், ஒரு வருஷம் போய்ப் பார்த்துக்கொள், பிறகு திரும்பி வந்துவிடலாம் என்று முதலாளி சொன்னார். அன்று வீட்டில் எல்லோரும் வருத்தமாகச் சாப்பிட்டார்கள். நானும் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

பன்னிரண்டு பேருக்குச் சோறு வடித்தவள் இரண்டு பேருக்கு வடிக்கப் போகிறேன் என்ற சந்தோஷம் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் பெரிய சந்தோஷம் அதுவல்ல. என் அப்பா.

கொங்குப் பக்கத்தில் ‘வாங்க’ என்பது வெறும் பேச்சில்லை. விருந்தாளி வாசலில் கால் வைத்தால், வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து தனித்தனியாக ‘வாங்க’ சொல்ல வேண்டும். வந்தவர் நாலு பேர் என்றால் நாலு பேருக்கும் தனித்தனியாக. பொத்தாம்பொதுவாகச் சொன்னால் செல்லாது. நான் பிறந்தது வாழப்பாடிப் பக்கம். எங்கள் ஊரில் ‘வா, உக்காரு’ என்பதோடு சரி. ஆனால் இந்தப் பழக்கத்தைக் கல்யாணத்துக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொண்ட அப்பா, மாப்பிள்ளை வீட்டாரைவிடக் கறாராக அதைப் பிடித்துக்கொண்டார்.

கல்யாணம் முடிந்து என்னைக் கொண்டுவந்து விட்ட அன்று, வாசல்வரை வந்த மனுஷன் சட்டென்று திரும்பி வேனில் போய் உட்கார்ந்துகொண்டார். ஏன் என்று கேட்டால், “சம்பந்தியம்மா என்னப் பாத்து வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லல” என்றார். என் மாமியார் பதறிப்போனார். “ஐயோ, நாஞ் சொன்னனுங்க. ரெண்டு தடவ சொன்னனுங்க” என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். யார் நம்பினார்கள்? மேளச்சத்தம், கூட்டம், மறந்திருப்பார் என்றே எல்லோரும் நினைத்தார்கள், நானும்தான். அன்றிலிருந்து அப்பா அந்த வாசலை மிதிக்கவில்லை. அம்மா வருவார், சீர் வரும், பலகாரம் வரும். அப்பா மட்டும் வரமாட்டார்.

சேலத்துக்குக் குடி போகிறோம் என்று அப்பாவிடம் போனில் சொன்னேன். “அது உன் வீடு. அங்க வரேன் கண்ணு” என்றார். நான் ஊருக்குப் போய் அவரைப் பார்ப்பது வேறு. அவர் என் வீட்டுக்கு வந்து என் கையால் ஒரு வாய் சாப்பிடுவது வேறு. அது இந்த ஒரு வருஷத்துக்குள் நடந்தாக வேண்டும். அப்புறம் மறுபடி அந்தப் பழைய வாசல்தான்.

வீடு மாடியில். வெளிப்பக்கம் படிக்கட்டு, ஒரு ஹால், ஒரு ரூம், வாசல் கதவுக்குப் பக்கத்தில் கம்பி போட்ட பெரிய ஜன்னல். கீழே வீட்டுச் சொந்தக்கார அம்மா தனியாக இருந்தார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கிறிஸ்தவர். ஞாயிறு காலைப் பூசையைத் தவறவிட்டதே இல்லை. எங்கள் வீட்டுச் சாவி இரண்டில் ஒன்றை மாமியார் ஊருக்கு வாங்கிப் போய்விட்டார். “பத்திரமா இருக்கட்டும் சாமி. எங்காளுக யாராச்சும் வந்தா வேணுமல்ல” என்றார். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

சேலம் பெரிய ஊர். பெரிய ஆஸ்பத்திரி, பெரிய துணிக்கடை, பெரிய பஸ் ஸ்டாண்டு எல்லாம் இருக்கிறது. பரமத்தி வேலூரிலிருந்து மோகனூர் வரை என் வீட்டுக்காரருக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டையும் சேர்த்து வைப்பதற்கென்றே எங்களைக் குடிவைத்தது போல ஆகிவிட்டது. மாமியாரின் அண்ணன் கண்புரை ஆபரேஷனுக்கு வந்தார். ஒரு கண் முடிந்து ஊருக்குப் போய், இன்னொரு கண்ணுக்கு வந்தார். பெரியம்மா முட்டிவலிக்கு வந்து, முட்டி சரியான பிறகும் எங்கள் வீட்டுக் காற்று ஒத்துக்கொள்கிறது என்று பத்து நாள் இருந்தார். வெறுங்கையோடு யாரும் வரமாட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆளுக்கொரு அட்டை முட்டை. மாடிப்படி முழுக்க முட்டை அட்டையை அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்துத் தெருவில் ஒருவர் சில்லறைக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டார். நான் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ‘வாங்க’ சொல்லிச் சொல்லி, ஒருநாள் தண்ணீர் கேன் போடுகிறவருக்கும் சொல்லிவிட்டேன். அவரும் வந்து உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுத்தான் போனார்.

அப்பா மட்டும் வரவில்லை. போன் செய்வார். “வீட்ல யாரு இருக்கா?” என்று முதலில் கேட்பார். “அவங்க மாமா வந்திருக்காருப்பா” என்பேன். “அப்ப நம்ம தோப்புல பாக்கு எடுத்து முடியட்டும் கண்ணு, அப்புறமா வரேன்” என்று வைத்துவிடுவார். வருஷம் பூராவும் எந்தத் தோட்டத்தில் பாக்கு எடுப்பார்கள்? வீட்டுக்காரர் மேல் எரிந்து விழுவேன். “உங்க சனம் ஒழிஞ்சாத்தான் எங்கப்பா வருவாரு” என்பேன். அவர் பாவம், முட்டையை உடைத்து ஆம்லெட் போட்டுத் தருவார். வேறென்ன செய்வார்?

பத்தாவது மாதம் நான் ஆசையையே விட்டுவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது நாங்கள் மூன்று பேர் மட்டும் இருந்தால் போதும் என்று தோன்றியது. அந்த வாரம் பார்த்து வீட்டுக்காரரின் சித்தி போன் செய்தார். பட்டு எடுக்க ஐந்து பேராக வருகிறார்களாம். “நாங்க ஏற்காடு போறோம் சித்தி” என்று வீட்டுக்காரர் துணிந்து ஒரு பொய்யைச் சொன்னார். “அதனாலென்ன சாமி, சாயங்காலம் வந்துருவீங்கல்ல? படியில உக்காந்திருக்கறோம்” என்றார் சித்தி.

கீழ் வீட்டு அம்மாவிடம் போய் நின்றேன். வெளியே பூட்டிவிட்டுப் போங்கள், சாவி உங்களிடமே இருக்கட்டும் என்றேன். “கோயிலுக்குக் கிளம்புற நேரத்துல என்னைப் பொய் சொல்ல வைக்கிறியேம்மா” என்றவர், கொஞ்சம் யோசித்து, “பூட்டுறது பொய்யில்லையே” என்று தானே சமாதானமாகிவிட்டார். காலை எட்டு மணிக்குப் பூட்டு விழுந்தது. இரண்டு போனையும் அணைத்தோம். வீட்டுக்காரர் லுங்கியோடு பாயில் மல்லாந்து படுத்து, “ஆகா” என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஒன்பதரை மணிவரை நாங்கள் ஒரு குடும்பமாக இருந்தோம்.

அப்புறம் படியில் செருப்புச் சத்தம். ஒற்றை ஆள். பூட்டை ஆட்டிப் பார்க்கும் சத்தம். வீட்டுக்காரர் வாயில் விரலை வைத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மகள் அப்போதுதான் நடக்கவும் பேசவும் பழகியிருந்தாள். எங்களைப் பார்த்து, கதவைப் பார்த்து, “யாலு?” என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

“கண்ணு?” என்றது வெளியே இருந்து ஒரு குரல்.

அப்பா. என் அப்பா. வீட்டுக்காரர் ஒரே தாவில் ரூமுக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். “தூங்கறன்னு சொல்லு, தூங்கறன்னு சொல்லு” என்று கையால் ஜாடை காட்டினார். மாமனார் முதல்முறை வருகிற அன்று உள்ளே ஒளிந்துகொண்டிருக்கிற மருமகன் என்ன செய்வார் பாவம். நான் ஜன்னலைத் திறந்தேன்.

அப்பா கம்பிக்கு அந்தப் பக்கம், கையில் ஒரு பையோடும் முருங்கைக்காய்க் கட்டோடும் நின்றார். என்னைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். முகம் செத்துப்போனது.

“உன்ன உள்ள வெச்சிப் பூட்டி வெக்கிறாங்களா?”

“ஐயோ, இல்லப்பா! கீழ் வீட்டம்மா தெரியாம பூட்டிட்டுப் போயிட்டாங்க.”

“மாப்ள எங்க?”

“உள்ள தூங்கறாருப்பா. லோடு ஏத்திட்டு விடியக்காலைலதான் வந்தாரு.”

நம்பினாரா என்று தெரியவில்லை. கீழே இறங்கிப் போய் ஒரு கல்லை எடுத்துவந்தார். பூட்டை உடைக்காமல் தடுக்க நான் பட்ட பாடு! அணைத்த போனைத் திரும்பப் போட்டுக் கீழ் வீட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். பூசையில் இருப்பவர் எடுப்பாரா? கடைசியில் கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேல்படியில் உட்கார்ந்தார். ராத்திரியெல்லாம் கெட்ட கனவு, காலையில் போன் போட்டால் அணைத்து வைத்திருக்கிறது, அதனால் பயந்துபோய் பஸ் ஏறிவிட்டேன் என்றார். முருங்கைக்காயை ஒவ்வொன்றாகக் கம்பிக்குள் நீட்டினார். நான் டீ போட்டு டம்ளரைக் கம்பி வழியாக நீட்டினேன். மகள் கம்பிக்குள் கையை விட்டு அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். பத்து மாதமாக நான் கேட்டது இதைத்தான். ஜெயிலில் பார்க்கிற மாதிரி கிடைத்தது.

ஏதாவது பேச வேண்டுமே என்று நான்தான் ஆரம்பித்தேன். “அவங்க அன்னிக்கி வாங்கன்னு சொல்லாதது தப்புதாம்பா. அதுக்காக இத்தன வருஷமா...”

அப்பா ரூம் பக்கம் எட்டிப் பார்த்தார். “தூங்குறாரா?” என்று மெதுவாகக் கேட்டார். தலையாட்டினேன்.

“சொன்னாங்க கண்ணு” என்றார்.

“என்னப்பா?”

“வாங்கன்னு சொன்னாங்க. ரெண்டு தடவ சொன்னாங்க. நல்லாக் கேட்டுது.” டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார். “உன்ன விட்டுட்டுத் திரும்பணும்ல. உள்ள வந்தா அழுதுருவேன்னு தெரிஞ்சிபோச்சி. அத்தன சனத்துக்கு முன்னாடி ஆம்பள எப்பிடி அழறது? கோவிச்சிக்கிட்டுப் போறான்னா யாரும் எதுவும் நெனைக்க மாட்டாங்க. வாய்ல வந்தத சொல்லிட்டேன். சொன்னப்புறம் எப்பிடி மாத்துறது? உங்க வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லிராத கண்ணு.”

அந்த ‘உங்க வீட்டுக்காரர்’ ஆறடி தூரத்தில், கதவுக்குப் பின்னால், கண்ணை மூடாமல் நின்றுகொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. என் மாமியாரை எத்தனை பேர் எத்தனை பேச்சுப் பேசினார்கள்! நானே எத்தனை தடவை மனசுக்குள் திட்டியிருக்கிறேன்! ஆனாலும் கம்பிக்கு அந்தப் பக்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருப்பவரை என்ன சொல்வது?

பூசை முடிந்து, கறிக்கடைக்கும் போய்விட்டு, பதினோரு மணிக்குக் கீழ் வீட்டு அம்மா வந்தார். படியில் கல்லோடு உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்து அலறப் போனவர், விஷயம் தெரிந்து சிலுவை போட்டுக்கொண்டு பூட்டைத் திறந்தார். வீட்டுக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, கொட்டாவி விட்டபடி ரூமிலிருந்து வந்தார். “அட, மாமா! வாங்க வாங்க. எப்பங்க வந்தீங்க? நல்லாத் தூங்கிப்போட்டனுங்க.” அவ்வளவு நன்றாக அவர் நடித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அப்பா உள்ளே வந்தார். முட்டைக் குழம்பு ஊற்றி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். சித்தி அன்று வரவேயில்லை. துணிக்கடையிலேயே காப்பி கொடுத்தார்களாம், அப்படியே ஊருக்கு பஸ் ஏறிவிட்டார்களாம்.

அடுத்த மாதம் நாங்கள் வேலூருக்கே திரும்பினோம். வழியில் பஸ்ஸில் வீட்டுக்காரரிடம், “அத்தைகிட்டச் சொல்லிடலாமா?” என்று கேட்டேன். “சொன்னா மாமா அப்பறம் ஜென்மத்துக்கும் நம்ம வாசலுக்கு வரமாட்டாரு” என்றார். சரி என்று இருந்துவிட்டேன்.

மகளுக்குக் காது குத்து வைத்தோம். அப்பா வருகிறேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். அன்று விடிந்ததிலிருந்து மாமியார் அடுப்பு வேலை எதையும் தொடவில்லை. “ஒருவேள அன்னைக்கு என்ற கொரலுதான் அவருக்குக் கேக்கலியோ என்னமோ சாமி. தொண்ட வேற கட்டியிருந்துச்சு” என்று என்னிடம் சொன்னார். புதுச் சேலை கட்டிக்கொண்டு வாசலைத் தாண்டி ரோட்டுக்கே போய் நின்றார். பஸ்ஸை விட்டு இறங்கி அப்பா தெருமுனையில் திரும்பியதும், அத்தனை ஊரும் கேட்கிற மாதிரி, “வாங்க சம்பந்தி! வாங்க! வாங்க!” என்று கைகூப்பிக் கத்தினார். அப்பா நின்ற இடத்தில் நின்றுவிட்டார். தலையை நிமிர்த்தவே இல்லை.

“இப்பக் கேட்டுச்சுங்களா?” என்றார் மாமியார்.