டென்னியின் வலது கை

எங்கள் மாடியில் குடியிருந்த டென்னி, பேஸ்பால் ஆட்டம் முடிந்து வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து வலது கையை முழங்கைக்கு மேல்வரை ஒரு வாளி ஐஸ்கட்டிக்குள் விட்டுக்கொள்வான். ஊருக்கே பல் கிட்டிப்போகும் ஏப்ரல் குளிர். கருவாட்டை ஊறப்போட்டதுபோல் ஒரு கையை ஊறப்போட்டுவிட்டு மறுகையால் ஆரஞ்சு தின்பான். கை வலிக்கிறதா என்று கேட்டேன். "வலியெல்லாம் இல்லை. எறிந்தால் ஐஸ் வைப்போம். எல்லோரும்தான்" என்றான். எல்லோரும்தான் என்று ஒருவன் சொன்னால் அவன் எதையோ மறைக்கிறான். என்னைப்போல் மதுரை அவனியாபுரத்தில் வளர்ந்தவன் அப்படித்தான் நினைப்பான்.

என் மனைவி செல்வி நர்ஸ் வேலைக்காக அமெரிக்கா வந்தாள். அவளுடைய பெட்டிகளோடு இன்னொரு பெட்டியாக நானும் வந்தேன். ஏரிக்கரையோரம் சின்ன ஊர். ஊருக்கென்று ஒரு பேஸ்பால் அணி. பெரிய ஆட்டங்களுக்குப் போக முடியாதவர்களும் போகக் காத்திருப்பவர்களும் ஆடும் மைனர் லீக். அதில் டென்னி ரிலீஃப் பிட்சர். முதலில் பந்தெறிபவன் களைத்தால், அவன் பந்துகளை எதிரணி விளாசினால், நடுவில் இறக்கப்படுகிற ஆள். ஒருநாள் எங்களை ஆட்டம் பார்க்க அழைத்துப்போனான். மூன்று மணி நேரம் வேலியோரம் உட்கார்ந்திருந்தான். எழுந்தான், நாலு பந்து எறிந்து உடம்பைச் சூடாக்கினான், மறுபடி உட்கார்ந்தான். கடைசிவரை யாரும் கூப்பிடவில்லை.

"ஏங்க, இம்புட்டு நேரம் சும்மா உக்காரத்தான் இவன் அம்புட்டு முட்டை திங்கிறானா?" என்றாள் செல்வி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காத்திருப்பை நான் அறிவேன்.

எழுபதுகளில் மதுரையில் ஒரு நூற்பாலையில் நான் பதிலி. நிரந்தரத் தொழிலாளி எவராவது வராவிட்டால் அவர் இடத்தில் நிற்கிற ஆள். சங்கு ஊதுமுன் பதிலி அட்டையும் கையுமாக கேட்டுக்கு வெளியே நிற்போம். மேஸ்திரி வந்து நாலைந்து பெயர் கூப்பிடுவார். மற்றவர்கள் சைக்கிளைத் திருப்புவோம். அடுத்தவன் காய்ச்சல்தான் எங்கள் சோறு. உள்ளே போகிறவர்களுக்கு அது தெரியும்.

"என்ன மாப்ள, நான் எப்ப இருமுவேன்னு பாத்துக்கிட்டு நிக்கிறியா?" என்பார் நூற்புப் பகுதிப் பெருமாள் அண்ணன்.

"இல்லண்ணே, சும்மா நிக்கிறேன்."

"நீ சும்மாதான் நிக்கிற. ஒங் கண்ணு சும்மா நிக்கலையேடா."

எங்களிடம் யாரும் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னதில்லை. காளை மாதிரி உடம்புக்காரரும் எங்களைக் கண்டதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஏதோ ஓடுதுப்பா" என்று முனகுவார். நல்ல உடம்பை நல்ல உடம்பென்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும். இதைப் படிக்கிறவர்களில் மில் கேட்டில் நின்றவர்கள் இருந்தால், இனி நான் சொல்லப்போவதை அவர்களாவது நம்புவார்கள்.

ஜூன் மாதம் டென்னியைக் களத்துக்குக் கூப்பிட்டபோதெல்லாம் அவன் நன்றாக எறிந்தான். "மேல் லீக்கில் ஓர் ஆள் கேட்கிறார்கள். நானாக இருக்கலாம்" என்றான். ஏழு வருடமாக ஊர் ஊராகப் பஸ்ஸில் போய் உட்கார்ந்திருந்தவன். இந்த வருடமும் தவறினால் அவ்வளவுதான் என்று அவனே சொன்னான். அந்தச் சனிக்கிழமை முடிவெட்டும் கடையில் அணியின் மேனேஜர் பக்கத்து நாற்காலியில் இருந்தார்.

"டென்னி உங்கள் வீட்டில்தானே இருக்கிறான்? கை எப்படி இருக்கிறது?"

கடையிலிருந்த ஆறு பேரும் திரும்பினார்கள். பன்னிரண்டு கண்கள். என் நாக்கு விமானமேறி மதுரைக்குப் போய்விட்டது. "ஏதோ இருக்கு சார். வலி இருக்கத்தானே செய்யும்? தினமும் ஐஸ்தான்" என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் ஊர்க்காரன் கேட்டிருந்தால், பையன் ஜம்மென்று இருக்கிறான் என்று புரிந்துகொண்டு போயிருப்பான். மேனேஜர் நன்றி சொன்னார். கொஞ்சம் கூடுதல் மரியாதையோடு.

அடுத்த வாரம் வேறொருவன் மேலே போனான். டென்னியை அணியிலிருந்தே அனுப்பிவிட்டார்கள். எங்கள் சமையலறையில் வந்து நின்றான்.

"என் கை போய்விட்டதென்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்." அவன் பார்வை என்னைத் தாண்டி செல்வியின் வெள்ளைச் சீருடைமேல் நின்றது. ஆஸ்பத்திரிக்காரி, கையைப் பற்றிப் பேசினால் ஊர் நம்பும். செல்வி என்னைப் பார்த்தாள்.

"நான்தான்" என்றேன். கண்படுவதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான்.

"என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாயா?"

"ஆமாம்."

"யாரிடமிருந்து?"

அவன் மாடியேறிப் போனபின் செல்வி தாழ்ந்த குரலில் கேட்டாள்: "கண்ணு படக்கூடாதுன்னு சொன்னீங்களா, இல்ல ஒங்க கண்ணே பட்டுருச்சா?"

அன்றிலிருந்து என்னை நானே வேவு பார்க்கிறேன். மேலே போகப்போகிறேன் என்று அவன் சொன்னபோது என் நெஞ்சுக்குள் ஏதோ சுருங்கியது உண்மை. ஆறு வருடம் கேட்டில் நின்றும் என் பெயர் நிரந்தரப் பட்டியலில் ஏறவேயில்லை. கடையில் பேசியது ஊர்ப் பழக்கமா, அந்தப் பழைய பதிலியா?

டென்னி மாடியைக் காலிசெய்து போய், பனி விழத் தொடங்கியபின் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. வேறொரு மாநிலத்து அணிக்காரர். டென்னி என் பெயரைக் கொடுத்திருக்கிறானாம். நம்பித்தான் கொடுத்தானா, சோதிக்கக் கொடுத்தானா?

"உங்களோடு இருந்தவன். நேராகச் சொல்லுங்கள். கை எப்படி?"

"ஃபைன்" என்றேன். "இரும்பு. வலியே கிடையாது." என் வாழ்நாளில் யாருடைய உடம்பைப் பற்றியும் அப்படிச் சொன்னதில்லை. சொன்னதும் ரிசீவரை நெஞ்சோடு அழுத்தி மூடிக்கொண்டேன். திருஷ்டி கழியத் துப்பவேண்டும். வாடகை வீட்டுக் கம்பளத்தில் எப்படித் துப்புவது? இடது உள்ளங்கையிலேயே த்தூ, த்தூ, த்தூ என்று மூன்று முறை துப்பினேன். வேலைக்குக் கிளம்பி நின்ற செல்வி பார்த்தாள்.

"சார், லைனில் இருக்கிறீர்களா?" வலது காதில் அமெரிக்கா கேட்டது. இடது கையில் மதுரை ஈரமாக இருந்தது. எதிலும் துடைக்காமல் விரல்களை மூடிக்கொண்டேன்.